நேராக நின்ற தண்ணீர்

பொத்தானக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று இருக்கிறது. அது பட்டறையின் வருகைப் பலகையில் மட்டும் தொங்கும். மற்றபடி முதலாளியிலிருந்து தேநீர் கொண்டுவருபவர் வரை எல்லாருக்கும் அவள் பொத்தானக்காதான். எங்கள் பட்டறைக்கு வருமுன் சட்டைப் பொத்தான் செய்யும் ஆலையில் துளை போட்டுக்கொண்டிருந்தாள். "ஊருல பாதிப் பேரோட மானம் என் கையிலதான் இருந்துச்சு" என்று அந்த நாட்களைப் பற்றிச் சொல்வாள். ஆலையை மூடியதும் இங்கே வந்தாள். இங்கேயும் துளை போடும் வேலைதான், பொருள்தான் வேறு.

நாங்கள் செய்வது அணு. இதைச் சொன்னால் கேட்பவர்கள் ஓரடி தள்ளி நிற்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை. எலுமிச்சம்பழத்தைவிடச் சிறிய பிளாஸ்டிக் உருண்டைகள் மூட்டையில் வந்து இறங்கும். அவற்றில் துளை போட்டு, குச்சிகளோடு பெட்டியில் அடுக்கிப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புவோம். பிள்ளைகள் துளையில் குச்சியைச் செருகி உருண்டையோடு உருண்டையைச் சேர்த்தால் அது மூலக்கூறு. எதற்கு எத்தனை துளை என்று சுவரில் ஓர் அட்டை மாட்டியிருக்கும். கறுப்பு என்றால் கார்பன், அதற்கு நாலு. நீலம் நைட்ரஜன், மூன்று. சிவப்பு ஆக்சிஜனுக்கு இரண்டு, வெள்ளை ஹைட்ரஜனுக்கு ஒன்றே ஒன்று. ஓர் அணுவால் எத்தனை கை கோக்க முடியுமோ அத்தனை துளை. என் வேலை பெட்டியில் அடுக்குவது. எனக்குப் பேச்சு அதிகம் வராது. அடுக்கும் மேசை மூலையில் இருப்பதால் யாரும் என்னிடம் எதையும் கேட்பதில்லை, ஆனால் துளை போடும் இயந்திரம் அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

பொத்தானக்கா வேதியியல் படித்தவள் இல்லை. ஆனாலும் அட்டையைப் பார்த்துப் பார்த்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் துளை எண்ணிச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நிறம் பிரிக்கும் அம்மாவுக்கு எல்லார் வீட்டு விஷயத்திலும் ஒரு கை உண்டு. எனவே அவர் கார்பன். மேஸ்திரி ஹைட்ரஜன். "அவருக்கு இருக்கறது ஒரே கை. அதுலயும் எந்நேரமும் டீ கிளாஸ்." துளையே போடாத மஞ்சள் உருண்டை ஒன்றையும் ஒவ்வொரு பெட்டியிலும் வைப்போம். அது ஹீலியம், யாரோடும் சேராது. ஒரு நாள் அதைத் தூக்கிப் பிடித்து, "இது நம்ம முதலாளி" என்றாள். முதலாளி அவளுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சொன்ன?"

"நல்ல உருண்டைன்னு சொன்னேன் சார். ஓட்டை ஒடசல் இல்லாதது."

நானும் அவளும் டயர் கடைக்கு மேலே எதிரெதிர் வீடுகளில் குடியிருக்கிறோம். அவள் கணவர் லாரி ஓட்டுகிறார். வீட்டுக்கு வந்தால் விருந்தாளிபோல் செருப்பைக்கூட வாசலோடு ஒட்டியே கழற்றி வைப்பார். ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அக்கா அவளை மகாராணி என்று கூப்பிடுவாள், பாதி கொஞ்சலாக, பாதி குத்தலாக. மகாராணி நன்றாகப் படிக்கிற பெண். அம்மா என்ன வேலை பார்க்கிறாள் என்று பள்ளியில் யாராவது கேட்டால், "ஆய்வுக்கூடப் பொருள் கம்பெனியில இருக்காங்க" என்பாள். பொய் என்று சொல்ல முடியாது. உண்மையைத்தான் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்திருப்பாள். அம்மாவைப் பள்ளிப் பக்கம் வரவும் விடமாட்டாள். மழை நாளில் குடை கொண்டுபோனால்கூடத் தெருமுக்கு வரைதான்.

ஒரு மாலை நாங்கள் இருவரும் வேலை முடிந்து படியேறும்போது, மேலே நின்ற மகாராணியிடம் தெருவிலிருந்து ஒரு தோழி எங்களைக் கவனிக்காமல் கத்தினாள். "கேள்வி ஏழு புரியலன்னா உங்க சயின்டிஸ்ட் அம்மாவைக் கேட்டுச் சொல்லுடி!" மகாராணி, "சரிடி" என்று உள்ளே ஓடிவிட்டாள். அக்கா படியிலேயே நின்றாள்.

"சயின்டிஸ்டாமே" என்றாள்.

நான் அவள் கையிலிருந்த சாப்பாட்டுக் கூடையை வாங்கிக்கொண்டேன்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் பூனை. ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னாடி, 'இது எங்கம்மா தொளைச்சது'ன்னு அவ வாயால சொல்லணும். அது போதும் எனக்கு." பூனை என்பது நான். சத்தமில்லாமல் நடப்பதால் அவள் வைத்த பெயர்.

அதற்கு வழி தானாகவே திறந்ததுபோல்தான் முதலில் தோன்றியது. மகாராணியின் பள்ளியிலிருந்தே பட்டறைக்கு ஓர் ஆர்டர் வந்தது. அறிவியல் கண்காட்சியில், ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று காட்டப் போகிறார்களாம். ஒரு ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன் சேர்ந்தால் ஒரு தண்ணீர். அப்படி நிறையச் செய்து மரச் சட்டத்தில் தொங்கவிட வேண்டும். அதனால் சிவப்பும் வெள்ளையும் மட்டும் பெட்டி பெட்டியாகத் தேவை. கட்டப்போகிற குழுவில் மகாராணியும் இருந்தாள். செய்தி கேட்டதிலிருந்து அக்காவின் கால் தரையில் நிற்கவில்லை.

சிவப்பு உருண்டை என்றாலே பட்டறையில் எல்லாருக்கும் எரிச்சல். துளைக்கும்போது உருண்டை ஓடாமல் இருக்க, மரக்கட்டையில் குழி வெட்டிய அச்சு ஒன்று ஒவ்வொரு நிறத்துக்கும் உண்டு. சிவப்பு அச்சில் முதல் துளை போட்டதும் உருண்டையை எடுத்து, அந்தத் துளையை ஒரு முளையில் மாட்டி, மறுபடி அமுக்கிப் பிடித்து இரண்டாவதைப் போட வேண்டும். அந்த முளை கோணலாக நிற்கும். அதனால் இரண்டு துளைகளும் எதிரெதிரே அமையாமல், மடக்கிய முழங்கைபோல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். ஏன் அப்படி என்று யாருக்கும் தெரியாது. அச்சு செய்த தச்சர் அன்றைக்கு நன்றாகக் குடித்திருந்தார் என்பது மேஸ்திரி சொல்லும் வரலாறு. நாங்கள் அதை நம்பினோம். தச்சர் ஊரைவிட்டுப் போய்விட்டதால் மறுத்துச் சொல்லவும் ஆளில்லை.

ஆர்டர் வந்த அன்று அக்கா அந்த அச்சைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

"ஒரு குடிகாரர் செஞ்ச கோணலை எத்தனை காலம் கட்டிக்கிட்டு அழறது? என் பொண்ணு பள்ளிக்கூடத்துக்குக் கோணல் மாணலாவா அனுப்புவேன்?"

சிவப்பு உருண்டை ஒன்றைத் தட்டையான கட்டையில் வைத்தாள். இயந்திரத்தை மேலிருந்து இறக்கினாள். அது இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வந்தது.

"பொத்தான்ல இப்படித்தான். ஒரே குத்து, ரெண்டு ஓட்டை!"

எல்லாரும் எழுந்து வந்து பார்த்தோம். மேஸ்திரி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒரு குச்சியை இரண்டு பக்கமும் செருகிப் பார்த்தார். அவருடைய சோதனை அவ்வளவுதான். "ரெண்டு இருக்கு. சரியா இருக்கு" என்றார். முதலாளி அவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் பொம்மை வியாபாரத்திலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர்.

"பொத்தானக்கா! இத்தனை நாள் எங்கேம்மா இருந்த?"

"உங்க கண்ணு முன்னாடிதான் சார். நீங்கதான் யாரோடயும் சேர மாட்டீங்களே."

வேலை காற்றாய்ப் பறந்தது. அந்தப் பள்ளிக்குப் போகும் உருண்டைகளை மட்டும் ஒவ்வொன்றாக முந்தானையில் துடைத்து என்னிடம் தந்தாள். நேர் நேராகத் துளைத்த சிவப்பு உருண்டைகள், மாலைக்குக் கோக்கிற மணிகள்போல் பெட்டியில் அழகாகவே உட்கார்ந்தன.

கண்காட்சிக்கு முதல் நாள் மாலை நான் அக்கா வீட்டில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அந்த முன்னறையில் உட்கார இடம் கிடைப்பதே பெரிய விஷயம். அக்காவின் அண்ணன் வீடு மாற்றும்போது, "ரெண்டு வாரம் இருக்கட்டும்" என்று இரண்டு இரும்பு பீரோக்களை அங்கே இறக்கிவிட்டுப் போனார். வாரம் வருஷமாகியும் அவை நகரவில்லை. பூட்டிய பீரோ, சாவி அண்ணனிடம். அவை இரண்டும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டதால் அம்மாவும் மகளும் மிச்சமிருந்த பக்கத்தில் பாயை நெருக்கி நெருக்கிப் போட்டுத் தூங்குவார்கள்.

மகாராணி உள்ளே வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை.

"அம்மா, செவப்பு உருண்டை எல்லாம் யாரு தொளைச்சது?"

அக்காவின் முகத்தில் விளக்குப் போட்டாற்போல் ஆனது. "ஏன்? டீச்சர் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நான்தான்னு சொல்ல வேண்டியதுதானே! ஒவ்வொண்ணாத் தொடைச்சு அனுப்பினேன். பளபளன்னு இல்ல?"

மகாராணி பையிலிருந்து ஒரு தண்ணீரை எடுத்துத் தரையில் வைத்தாள். நடுவில் சிவப்பு, இரண்டு பக்கமும் வெள்ளை. ஒரே கோட்டில் நேராகக் கிடந்தது.

"இது என்ன?"

"தண்ணி."

"இது தண்ணி இல்ல. பளு தூக்குறவங்க கம்பி! தண்ணி மடங்கி இருக்கணும்மா. நேரா இருக்கவே கூடாது."

"எவ சொன்னா? குழாயில நேராத்தானே வருது?"

"அம்மா!"

"சரி, சரி. ஏன் மடங்கணும், அதைச் சொல்லு முதல்ல."

மகாராணி பெருமூச்சு விட்டு உட்கார்ந்தாள். கோபமாக இருந்தாலும் பாடம் சொல்வதென்றால் அவளுக்குப் பிடிக்கும். "ஆக்சிஜனோட வெளிவட்டத்துல ஆறு எலக்ட்ரான் இருக்கு. அதுல ரெண்டை, ஹைட்ரஜனுக்கு ஒண்ணு ஒண்ணாப் பங்கு போட்டுக்குது. அதுவும் தன்னோடதைப் பங்கு போடுது. அந்தப் பங்குதான் குச்சி. புரியுதா?"

"பங்கு எதுக்கு? ஒரேயடியாக் குடுத்துட வேண்டியதுதானே."

"குடுக்கறது உப்புல. சோடியம் ஒண்ணைக் குடுத்துடும், குளோரின் வாங்கிக்கும். குடுத்ததும் வாங்கினதும் ஒண்ணையொண்ணு இழுத்துக்கிட்டுக் கிடக்கும். தண்ணியில பங்குதான். இப்ப ஆறுல ரெண்டு போனா?"

"நாலு."

"அந்த நாலும் ரெண்டு ஜோடியா உக்காந்திருக்கு. யாரோடயும் சேராது. நம்ம உருண்டையில அது தெரியாது, அதுக்குத் தொளையும் கிடையாது. ஆனா இடத்தை அடைச்சுக்கிட்டு மத்த ரெண்டையும் ஒரு பக்கமாத் தள்ளும்."

அக்கா யோசித்தாள். அவள் கண் மெல்ல ஒரு மூலைக்குப் போனது. அங்கிருந்து அடுத்த மூலைக்குப் போனது.

"உங்க மாமா பீரோ மாதிரி" என்றாள்.

மகாராணி திரும்பிப் பார்த்தாள். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஆமா. ரெண்டு பீரோ. நானும் நீயும் ஹைட்ரஜன்."

"அதான் தினம் உன் முழங்கை என் மூக்குல இடிக்குது."

"வெளையாடாதம்மா. அப்படி ஒதுங்கி இருக்கறதாலதான் தண்ணிக்கு ஒரு பக்கம் கொஞ்சம் பிளஸ், ஒரு பக்கம் கொஞ்சம் மைனஸ். ஒரு தண்ணியோட வெள்ளை, அடுத்த தண்ணியோட செவப்பைப் பிடிச்சுக்கும். அதனாலதான் சொட்டு சொட்டா நிக்குது. நேரா இருந்தா ரெண்டு பக்கமும் சமமாயிடும், ஒண்ணையொண்ணு பிடிக்காது. குழாயைத் திறந்தா காத்துதான் வரும்! நாங்க நாளைக்கு ஒண்ணோட ஒண்ணை நூல் கட்டிக் காட்டணும். இதை வெச்சுக்கிட்டு என்னத்தைக் கட்டறது?"

அக்கா அந்த நேர்த் தண்ணீரைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பூனை, அந்த மனுஷன் குடிக்கவே இல்லடி."

"எந்த மனுஷன்?" என்றாள் மகாராணி.

"தச்சர். பாவம், சரியாத்தான் செஞ்சிருக்காரு." அதற்குப் பிறகுதான் அவளுக்கு வேறொன்று உறைத்தது. "டீச்சர் என்ன சொன்னாங்க?"

"எந்தக் கம்பெனிடி இப்படி அனுப்பினதுன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

"நீ?"

மகாராணி பையின் வாரை முறுக்கினாள். "நானும் சிரிச்சேன்."

அக்கா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலையில் பட்டறை திறப்பதற்கு முன்பே அவள் வாசலில் நின்றாள். முதலாளி ஸ்கூட்டரை நிறுத்தும்போதே விஷயத்தைப் போட்டு உடைத்தாள். அவர் தலையில் கை வைத்தார்.

"ரெண்டு தொளை சரியா இருக்குன்னு சொன்னது யாரு?"

"மேஸ்திரி" என்றாள் அக்கா.

"தச்சர் குடிச்சிருந்தார்னு சொன்னது?"

"அதுவும் மேஸ்திரிதான்."

மேஸ்திரி தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டே, "அவரு பார்க்க அப்படி இருந்தாரு சார்" என்றார்.

மற்ற பெட்டிகள் நல்லவேளையாக இன்னும் கிடங்கில்தான் இருந்தன. பள்ளிக்குப் போனவைதான் சிக்கல். மாற்றிக் கொடுக்கத் துளைக்காத சிவப்பு ஒன்றுகூட மிச்சமில்லை. அத்தனை வேகம். அக்கா கோணல் அச்சையும் கையால் சுற்றும் துளைக்கருவியையும் பையில் போட்டாள். வழியில் ஒரு கடையில் சிவப்பு மெழுகுக் கலர் குச்சிகள் வாங்கினாள். நேர்த் துளைகளில் ஒன்றை முளையில் மாட்டி, சரியான இடத்தில் புதிதாக ஒரு துளை போட்டு, தேவையில்லாத பழைய துளையை மெழுகால் அடைத்துவிடலாம் என்பது அவள் யோசனை. அச்சைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும் என்பதால் நானும் போனேன்.

"மணி அடிக்கறதுக்குள்ள முடிச்சுட்டுப் பின்பக்கமாப் போயிடலாம்" என்றாள் நடந்துகொண்டே. "அவளுக்குத் தெரிய வேண்டாம். ஒருவேளை பார்த்துட்டாலும் நீ அக்கா, மகாராணின்னு எதையும் உளறாத. நாம கம்பெனி ஆளுங்க, அவ்வளவுதான்."

"நான் எங்க உளறினேன்?"

"அதுவும் சரிதான்."

காவலாளியிடம், "உருண்டை ரிப்பேர்" என்றாள். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. ஆய்வுக்கூடம் தரைத்தளத்தின் கோடியில் இருந்தது. மரச் சட்டம் காலியாக நின்றது. கடைசி மேசைக்குப் பின்னால் தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தோம். நான் அச்சைப் பிடிக்க, அவள் கருவியைச் சுற்றினாள். சிவப்புச் சுருள்கள் தாளில் உதிர்ந்தன. மெழுகைத் திணித்து, நகத்தால் வழித்து, முந்தானையில் துடைத்தால் அடைத்த இடம் தெரியவே இல்லை. பாதிப் பெட்டி முடிவதற்குள் கதவு திறந்தது. நேர்த் தண்ணீரை என்ன செய்வது என்று பதறிப்போய் டீச்சரும் குழுப் பிள்ளைகளும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். களிமண்ணில் உருட்டலாம் என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியாக மகாராணி உள்ளே வந்தாள்.

"யாரு நீங்க?" என்றார் டீச்சர்.

"கம்பெனியிலேர்ந்து வர்றோம் டீச்சர். தப்பாப் போயிடுச்சு. திருத்திக்கிட்டு இருக்கோம்."

டீச்சர் ஒரு தண்ணீரைக் கோத்துப் பார்த்தார். அது அழகாக மடங்கி நின்றது. அவர் முகம் தெளிந்தது, உடனே மறுபடி கண்டிப்பானது. "சரி, ஆனா என் லேப்ல கண்ணாடி போடாம யாரும் தொளை போடக் கூடாது." அலமாரியிலிருந்து பெரிய பாதுகாப்புக் கண்ணாடிகள் இரண்டை எடுத்துத் தந்தார். அக்கா போட்டுக்கொண்டாள். தவளைபோல் இருந்தாள். நான் எப்படி இருந்தேனோ தெரியாது.

பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். மகாராணி நெருங்கி வரவில்லை. அக்கா அவள் பக்கம் தலையை நிமிர்த்தி, முன்பின் தெரியாத வீட்டுப் பிள்ளையிடம் பேசுவதுபோல், "கொஞ்சம் தள்ளி நில்லும்மா பாப்பா. கண்ணுல தூள் பட்டுடும்" என்றாள். மகாராணி தள்ளி நின்றாள்.

அன்று தெருவிலிருந்து கத்தினாளே, அந்தத் தோழி குனிந்து கேட்டாள். "நேராத் தொளைச்சது யாரு ஆன்ட்டி? நேத்து நாங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே!"

"அதுவா? புதுசா ஒருத்தி வந்திருக்கா. பொத்தான் கம்பெனியிலேர்ந்து. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"அவங்களை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?"

"சேச்சே. திட்டினாங்க. ஆளு மத்தபடி நல்லவ." சுற்றிக்கொண்டே சொன்னாள். "வாய்தான் கொஞ்சம் நீளம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். மகாராணி சிரிக்கவில்லை. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததால் அச்சைப் பிடித்திருந்த என் கை தளர்ந்துவிட்டது. கட்டை வழுக்கியது. துளைக்கருவியின் முனை உருண்டையை விட்டுச் சறுக்கி, அக்காவின் விரலை உரசிக்கொண்டு தாளில் குத்தியது.

"அம்மா! வெரலு!"

மகாராணி இரண்டு பேரை இடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீறல்கூட இல்லை. பார்த்து முடித்த பிறகுதான், எல்லாரும் தன்னையே பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது.

"அம்மாவா?" என்றாள் தோழி.

மகாராணியின் காது சிவந்தது. அக்கா அவசர அவசரமாக, "பிள்ளை பயந்துபோய்ச் சொல்லிடுச்சு. அடிபட்டா எல்லாரும் அம்மான்னுதானே…" என்று ஆரம்பித்தாள்.

"சும்மா இரும்மா" என்றாள் மகாராணி. பிறகு எல்லாரையும் பார்த்து, கேள்விக்குப் பதில் சொல்ல எழுந்து நிற்கிறவள்போல் சொன்னாள். "எங்கம்மாதான். சயின்டிஸ்ட் எல்லாம் இல்ல. தொளை போடுறாங்க. இந்தப் பெட்டியில இருக்கற எல்லாத்தையும் எங்கம்மாதான் தொளைச்சாங்க. நேராத் தொளைச்சதும் இவங்கதான்."

கண்ணாடிக்குள் அக்காவின் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. "ஏன்டி," என்றாள் மெதுவாக, "முதல் பாதியோட நிறுத்தியிருக்கலாம்ல?"

"யாரோ மாதிரி உன்னையே நீ திட்டிக்குவ, நான் கேட்டுக்கிட்டு நிக்கணுமா? நகருங்க சித்தி." என்னைத்தான் சொன்னாள். என் இடத்தில் மண்டியிட்டு அச்சை இரண்டு கையாலும் அமுக்கினாள். "ஆடாமப் பிடிச்சிருக்கேன். சுத்து."

"கண்ணாடி!" என்றார் டீச்சர். என் கண்ணாடி மகாராணிக்குப் போனது.

அதன்பின் வேலை சுறுசுறுப்பாக நடந்தது. ஒருத்தி மெழுகு திணித்தாள், ஒருத்தி துடைத்தாள், தோழி குச்சி செருகினாள். இனிமேல் ஏழாம் கேள்வியை யாரிடம் கேட்பது என்று அவள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. ஒன்றை மட்டும் நேராகவே விட்டு வைக்கச் சொன்னார் டீச்சர். எது தண்ணீர் என்று காட்டுவதற்கு எது தண்ணீரில்லை என்பதும் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். நூல்கள் கட்டி எல்லாவற்றையும் தொங்கவிட்டபோது, ஒன்றின் வெள்ளை இன்னொன்றின் சிவப்பைப் பார்த்துச் சாய்ந்து, சட்டம் முழுக்க லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

பார்வையாளர்கள் வரத் தொடங்கியதும் அக்கா பையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் பார்த்தாள். மகாராணி விடவில்லை. அம்மாவைச் சட்டத்தின் அருகில் நிறுத்தினாள். வருகிறவர்களிடம் எலக்ட்ரான் ஜோடியைப் பற்றி அவள் சொல்லி முடித்ததும், புரியாமல் விழிப்பவர்களுக்கு அக்கா பீரோ கதையைச் சொன்னாள். அதற்குக் கூட்டம் கூடியது. ஒரு பெரியவர் தன் வீட்டிலும் மைத்துனரின் கட்டில் ஒன்று இப்படித்தான் கிடக்கிறது என்று நெடுநேரம் குறைப்பட்டுக்கொண்டு போனார்.

ஒவ்வொரு கூட்டத்திடமும் மகாராணி தவறாமல் சொன்னாள். "இது எங்கம்மா தொளைச்சது. முதல்ல தப்பாத் தொளைச்சாங்க, அப்புறம் இவங்களே திருத்தினாங்க. தச்சர் குடிச்சிருந்தார்னு நினைச்சுட்டாங்களாம்."

மத்தியானத்துக்குள் பள்ளிக்கூடம் முழுக்க அந்தக் கதை தெரிந்துவிட்டது. காவலாளிகூட வந்து, "நேராத் தொளைச்ச அம்மா யாரு?" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அக்கா என் பக்கம் சாய்ந்தாள்.

"பூனை, நான் என்ன கேட்டேன்? ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னாடி. இவ வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் என் மானத்தை ஏலம் விடறாளே!"

"நிறுத்தச் சொல்லட்டுமா?" என்றேன்.

"நீ சும்மா இரு" என்றாள் அவள். அடுத்த கூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது. அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மகள் சொல்லப்போவதைக் கேட்க ஓரடி முன்னால் தள்ளி நின்றாள்.